ஹவில்தார் கேட்டாச்சா?

என் பிரியமுள்ள சவரிமுத்து அண்ணே,

"சார், ஆர்டரைத் திருப்பிக் கேள்வி கேட்டா இங்க என்ன தண்டனை?"

எங்கள் வர்த்தகப் பள்ளியில் நீங்கள் சேர்ந்த முதல் நாள், எழுந்து விறைப்பாக நின்று கேட்டீர்களே, நினைவிருக்கிறதா? வியாபாரக் கடிதம் எழுதுவதைப் பற்றி அரைமணி நேரம் பேசிவிட்டு, யாருக்காவது சந்தேகம் உண்டா என்று நான்தான் கேட்டேன். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு, "உட்காருங்க, அதெல்லாம் பிறகு பாத்துக்கலாம்" என்றேன். அந்தப் 'பிறகு' வருவதற்குள் பதினைந்து மூட்டை உப்பு போய்விட்டது.

நேற்று கல்லறைத் திருநாள். அண்ணியோடு உங்கள் கல்லறைக்கு வந்து மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டுப் போனேன். உங்கள் பூட்ஸுக்கு அண்ணி இன்னும் சனிக்கிழமைதோறும் பாலிஷ் போடுகிறாராம். "யார் போட்டுக்கப் போறாங்க அண்ணி?" என்றேன். "யாரும் போட வேணாம் தம்பி. ஒரு வாரம் விட்டாலும் அவுக ஏசுவாக" என்றார்.

நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். நீங்கள் தட்டிய அந்தப் பழைய டைப்ரைட்டர் ஜன்னலோரம் அப்படியேதான் இருக்கிறது. வரி முடியப் போகிறது என்று அது மணி அடிக்கும்போதெல்லாம் நீங்கள் முதுகை நிமிர்த்தி, கையைத் தொடையோடு ஒட்டிவைத்துக்கொள்வீர்கள். மணி கேட்டால் நிமிர வேண்டும் என்று பதினாறு வருஷப் பட்டாளம் உடம்புக்குச் சொல்லிக்கொடுத்திருந்தது. "சவரிமுத்து, இது அடுத்த வரிக்குப் போகச் சொல்ற மணி" என்பேன். "சரி சார்" என்பீர்கள். அடுத்த மணிக்கும் நிமிர்வீர்கள்.

அப்போது உங்களுக்கு நாற்பது, எனக்கு முப்பத்தெட்டு. வகுப்பில் மற்றவர்களுக்கு இருபது தாண்டவில்லை. நாம் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டோம். வகுப்புக்குள் நான் சார், நீங்கள் சவரிமுத்து. படியிறங்கிச் சூலியா வீதிக்கு வந்துவிட்டால் நீங்கள் அண்ணே, நான் தம்பி. காப்பிக் கடை வாசலில் கால் வைத்ததும், "என்ன தம்பி, இன்னிக்கு ரொம்பத்தான் ஏசிட்டே?" என்று என் தோளில் போடுவீர்களே ஓர் அடி, அது இன்னும் வலிக்கிறது!

உங்கள் முதல் கடிதத்தை நான் பல வருஷம் மாணவர்களுக்கு உதாரணமாகச் சொல்லியிருக்கிறேன். சரக்கு வரத் தாமதமாகிறது, விற்றவருக்குப் பணிவாக எழுதுக என்பது பயிற்சி. நீங்கள் எழுதியது இரண்டே வரி: சரக்கு வரவில்லை. காரணம் சொல்.

"கடிதம்ங்கிறது வாசல்ல நின்னு கூப்பிடுற மாதிரி இருக்கணும். கதவைத் தள்ளிக்கிட்டு நுழையுற மாதிரி இருக்கக் கூடாது" என்றேன்.

"நாங்க கதவைத் தள்ளித்தான் சார் பழக்கம்" என்றீர்கள். அன்று சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

ஆனால் ஒரு குமாஸ்தா நாற்காலி உங்களுக்கு எவ்வளவு முக்கியம் என்று எனக்குத் தெரியும். பஸ்ரா பக்கத்துச் சண்டை முடிந்து, ஹவில்தாராக இருந்த பட்டாளம் கலைந்து, அண்ணியின் சொந்தத்தை நம்பிப் பினாங்குக்கு வந்தவர் நீங்கள். இறங்கிய நாளிலிருந்து எல்லாரும் உங்களுக்குக் கொடுக்க வந்தது ஒரே வேலை: சரக்குக் கிட்டங்கி வாசலில் ஜாகா, காவல்காரன். "பட்டாளத்துக்காரன்னா ஒரு கம்பும் ஒரு கதவும் போதும்னு நெனைக்கிறானுவ தம்பி. நான் கதவுக்கு உள்ள உக்காரணும்" என்று காப்பி ஆறும்வரை சொல்லிக்கொண்டிருந்தீர்கள். மூன்று மாதம் பார்த்துவிட்டு நிரந்தரமாக்குகிறேன் என்று மரைக்காயர் தம் கிட்டங்கியில் உங்களைக் குமாஸ்தாவாக எடுத்தபோது, அண்ணி எங்கள் வீட்டுக்குப் பலகாரம் கொடுத்தனுப்பினார்.

இரண்டாம் மாதம் அது நடந்தது. "சுங்கை பினாங்குக்கு முப்பது மூட்டை உப்பு ஏத்தி விடும்" என்று சொல்லிவிட்டு மரைக்காயர் தொழுகைக்குப் போய்விட்டார். அந்தப் பெயரில் இரண்டு ஊர் இருப்பது இந்தத் தீவில் எல்லாருக்கும் தெரியும். ஒன்று பட்டணத்திலேயே, ஆற்றங்கரையில், கிட்டங்கியிலிருந்து கூப்பிடு தூரம். இன்னொன்று மலைக்கு அந்தப் பக்கம், பாலிக் புலாவ் தாண்டி. நீங்கள் மாட்டு வண்டிகளைப் பூட்டி, மலைப் பாதையில் கூடவே நடந்தீர்கள். பாதி வழியில் மழை பிடித்துக்கொண்டது. போய்ச் சேர்ந்தபோது பாதி மூட்டைகளில் சாக்குத்தான் இருந்தது. அங்கே யாரும் உப்புக் கேட்கவும் இல்லை.

மறுநாள் மாலை நனைந்த பூட்ஸோடு வகுப்புக்கு முன்பே வந்து நின்றீர்கள். வெள்ளிக்கிழமை வந்து கணக்குத் தீர்த்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டார் மரைக்காயர் என்றீர்கள்.

"ரெண்டு ஊர் இருக்குன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும் சார்."

"அப்புறம் ஏன் தூரமா இருக்கிற ஊருக்குப் போனீங்க?"

"பக்கத்துல போறதுக்குப் பட்டாளத்துல யாரும் ஆர்டர் போட மாட்டாங்க சார்."

எனக்குச் சிரிப்பு வந்தது. உங்கள் முகத்தைப் பார்த்து நின்றுபோயிற்று. "கேட்டிருக்கலாமே?" என்றேன். அப்போதுதான் உங்கள் பட்டாளத்து நண்பர் ஆரோக்கியத்தைப் பற்றிச் சொன்னீர்கள். உங்களோடு ஒரே கூடாரத்தில் படுத்தவர். ஓர் ஆற்றை இந்த இடத்தில்தான் கடக்க வேண்டும் என்று உத்தரவு. தண்ணீர் ஏறியிருந்ததை நீங்கள் காலையிலேயே பார்த்திருந்தீர்கள். கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. கேட்கவில்லை. ஆரோக்கியம் உங்களுக்கு முன்னால் இறங்கினார், கரை ஏறவில்லை.

"அன்னிக்கும் தெரியும் சார். அன்னிக்கும் கேக்கல" என்றீர்கள்.

முதல் நாள் நான் சிரித்து உட்காரவைத்த கேள்வி எங்கிருந்து வந்தது என்று அப்போது புரிந்தது. தண்டனை உண்டா என்று நீங்கள் வேடிக்கைக்காகக் கேட்கவில்லை.

அன்று பையன்கள் வந்ததும் பாடத்தை மூடிவைத்தேன். "சவரிமுத்து, இப்ப நான்தான் முதலாளின்னு வச்சுக்குங்க. நான் சொல்றதுல கேள்வி கேக்க வேண்டியது இருந்தா கேக்கணும். இதுதான் பரீட்சை" என்றேன். மூடியிருந்த ஜன்னலை மூடச் சொன்னேன். போய் இன்னொரு தடவை அழுத்தி மூடினீர்கள். முகவரி இல்லாத உறையைக் கொடுத்துத் தபாலில் போடச் சொன்னேன். வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டீர்கள். எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. "இந்த மேசையைத் தூக்கிக் கடல்ல போடுங்க!" என்று கத்தினேன்.

நீங்கள் மேசையின் இரண்டு ஓரத்தையும் பிடித்தீர்கள். தூக்கியும் விட்டீர்கள். மைக்கூடு உருண்டது. பிறகு, மேசை அந்தரத்தில் இருக்க, மெல்லக் கேட்டீர்கள்:

"எந்தக் கடல், சார்? வடக்க இருக்கிறதா, கிழக்க இருக்கிறதா?"

"அதேதான் அண்ணே!" என்று எழுந்துவிட்டேன். வகுப்புக்குள் ஒப்பந்தத்தை நான் மீறியது அந்த ஒரு தடவைதான். பையன்கள் தங்கள் மேசைகளைத் தட்டினார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. மேசையை மெதுவாக இறக்கிவைத்து, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தீர்கள்.

வெள்ளிக்கிழமை நடந்ததை மரைக்காயரே பிறகு எனக்குச் சொன்னார். "போம் ஓய், போகும்போது அந்தப் பெரிய சாக்கை உள்ளே போட்டுட்டுப் போம்" என்றாராம். நீங்கள் கதவருகில் நின்று, "எந்தச் சாக்கு முதலாளி, உப்புச் சாக்கா, அரிசிச் சாக்கா? உள்ளேன்னா எந்த அறை?" என்று கேட்டிருக்கிறீர்கள். மரைக்காயர் கண்ணாடியைக் கழற்றி உங்களைப் பார்த்தாராம். "அந்த மனுசன் வாயத் தொறந்துட்டான் வாத்தியாரே. இனி எப்படி அனுப்புறது?" என்றார் என்னிடம்.

அப்புறம் பதினோரு வருஷம் கதவுக்கு உள்ளே உட்கார்ந்திருந்தீர்கள்.

ஒரு சேதி சொல்ல வேண்டும். போன வாரம் அந்தக் கிட்டங்கிப் பக்கம் நடந்தேன். உங்கள் இடத்தில் புதிதாக ஒருவர். வண்டிக்காரர் மூட்டையில் கை வைக்காமல் அவரைப் பார்த்துக் கத்தினார்: "ஹவில்தார் கேட்டாச்சா? கேட்டுட்டு வா, அப்புறம் ஏத்தலாம்!" சேரும் இடத்தைத் திருப்பிக் கேட்பதற்கு அங்கே இப்போது அதுதான் பெயர். அந்த வண்டிக்காரர் உங்களைப் பார்த்ததே இல்லை அண்ணே.

இதைச் சொல்லத்தான் எழுத ஆரம்பித்தேன். ஆனால் இன்னொன்றும் இருக்கிறது.

கடைசியாக நீங்கள் என் வீட்டுக்கு வந்த மத்தியானம். காப்பி குடித்தீர்கள். குடையை எடுத்துக்கொண்டு, "வரேன் தம்பி" என்றீர்கள். சொல்லிவிட்டு வாசலிலேயே நின்றீர்கள். தெருவைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். நான் பத்திரிகையைப் பிரித்துக்கொண்டு, "நல்லது அண்ணே" என்றேன். ஒன்பதாம் நாள் நீங்கள் போய்விட்டதாகச் சேதி வந்தது. ஒரு மாதமாக நெஞ்சு வலித்திருக்கிறது, யாரிடமும் சொல்லவில்லை என்றார் அண்ணி. என்னிடம் சொல்லத்தான் அன்று நின்றீர்களா? கேட்பது உங்கள் வேலை என்று நான் இருந்துவிட்டேனா?

உங்கள் முதல் நாள் கேள்விக்கு என்னிடம் இப்போது பதில் இருக்கிறது. கேட்டதற்குத் தண்டனை எதுவும் இல்லை அண்ணே. கேட்காமல் விட்டதற்கு எனக்கு இருக்கிறது.

இனி என் வாசலில் தயங்கி நிற்கிற யாரையும் கேட்காமல் அனுப்ப மாட்டேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கும் வாக்கு.

இதைப் படிக்கிறவர்களுக்கும் பழைய வாத்தியார் நான் ஒரு வீட்டுப்பாடம் கொடுக்கிறேன்: "வரேன்" என்று சொல்லிவிட்டும் போகாமல் நிற்கிறவரைப் பார்த்து, "என்ன?" என்று ஒரு தடவை கேளுங்கள்.

வகுப்புக்கு வெளியே என்றும் உங்கள் தம்பி,
அருளப்பன்