கூடையின் எடை

பிப்ரவரி 12

என் ஈர்க்குச்சிக்கு,

இல்லை, மீனும் கிடையாது. முட்டையும் கிடையாது. ஆஸ்பத்திரியில் சாப்பாட்டுப் பட்டியல் எழுதித் தருகிற பெண் 'இறைச்சியைக் குறைச்சுக்குங்க' என்றுதான் சொன்னாள். எனக்குக் குறைக்கத் தெரியாது, நிறுத்தத் தெரியும். உன் அத்தானை நிறுத்தியது போல.

அன்று நீ பாதி மயக்கத்தில் கேட்டாய், அதனால் திரும்பச் சொல்கிறேன். இரத்தம் பொருந்துகிறது. என் சிறுநீரகம் இரண்டும் நன்றாக இருக்கின்றன. எடை மட்டும் தொண்ணூற்று நாலு. எண்பதுக்கு மேலே இருந்தால் உனக்காக ஒன்றை என்னிடமிருந்து எடுக்க மாட்டார்கள், எனக்கே ஆபத்தாம். ஜூன் 14 அன்று டாக்டர்கள் குழு கூடுகிறது. அன்றைக்கு எண்பதுக்குள் வர வேண்டும். அதை விட்டால் செப்டம்பர்.

கண்ணாடிப் பாட்டில் ஆலை கேன்டீனில் சமைக்கிறவள் சைவமாக இருப்பது எப்படியென்று கேட்காதே. ஒரு வேளைக்கு இருநூறு பேர். குழம்பை நாக்கில் வைத்துப் பார்க்காமல் இறக்கிப் பழக்கமில்லை. முதல் மூன்று நாள் ருசி பார்த்துத் துப்பினேன். பிறகு அந்த வேலையைப் பாத்திரம் கழுவுகிறவளிடம் கொடுத்துவிட்டேன். அவளுக்கு எல்லாமே 'நல்லாத்தான் இருக்கு'. கிரேன் ஓட்டுபவர் நேற்று தட்டோடு வந்து நின்றார். "மாஸ்டரம்மா, நீங்க விரதம் இருங்க, வேண்டாங்கல. எங்களையும் ஏன் கூடச் சேர்க்கிறீங்க?" என்றார்.

நல்ல செய்தியைக் கடைசிக்கு வைத்தேன். இன்று கேன்டீன் ஸ்டோர் தராசில் ஏறினேன். தொண்ணூறு. ஒரே வாரத்தில் நாலு கிலோ. ஸ்டோர்காரர் கை தட்டினார். ஆஸ்பத்திரிக்கு ஆறு மணி நேரப் பஸ், லீவை ஆபரேஷனுக்குச் சேர்த்து வைக்கிறேன். ஆகவே இனி இந்தத் தராசுதான் எனக்கு டாக்டர்.

உன் குண்டக்கா


பிப்ரவரி 27

குண்டக்காவுக்கு,

வலது கை சும்மா இருக்கிறது, எழுதுகிறேன். கழுத்தில் டயாலிசிஸ் குழாய். நாலு மணி நேரம். பக்கத்துக் கட்டிலில் ஓய்வு பெற்ற தபால்காரர். எனக்கு வரும் கடிதத்தின் கனத்தைக் கையில் பார்த்தே எத்தனை பக்கம் என்று சொல்லிவிடுகிறார்.

போனில் பேசினால் இருவரும் அழுகிறோம், எழுதினால் அப்படியில்லை. நீ சொன்னது சரிதான்.

ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர் தண்ணீர். அதை எப்படிப் பங்கிடுவது என்பதுதான் இப்போது என் ஆராய்ச்சி. நான் வேலை பார்த்த நூலகத்தில் என் நாற்காலியில் வேறொருத்தி உட்கார்ந்திருக்கிறாளாம். நல்ல நாற்காலி அது.

எனக்கு நம்பிக்கை வைக்க விருப்பமில்லை, அக்கா. அதற்கும் உடம்பில் பலம் வேண்டியிருக்கிறது. ஆனால் தொண்ணூறு என்று படித்ததும் மனசுக்குள் கழித்துப் பார்த்தேன். பத்து.

ஈர்க்குச்சி


ஏப்ரல் 19

ஈர்க்குச்சிக்கு,

எண்பத்து நாலு. சத்தியமாக.

பசி பழகிவிட்டது. வாசனைதான் பழகவில்லை. வெங்காயத்தோடு கறி வதங்கும்போது பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, வெளியே அடுக்கியிருக்கும் காலி பாட்டில்களைப் பார்க்கிறேன். என் தட்டில் அவித்த பயறு, கேரட், கீரை. பாத்திரம் கழுவுகிறவள் எட்டிப் பார்த்து, "என்னக்கா, முயல் வளர்க்கிறியா?" என்கிறாள். "ஆமா, நான்தான் அந்த முயல்" என்றேன். கொஞ்சம் பெரிய முயல்.

பாவாடை நாடாவை இரண்டு முறை இழுத்துக் கட்ட வேண்டியிருக்கிறது. படியேறினால் மூச்சு வாங்குவதில்லை. உனக்காகத் தொடங்கினேன், எனக்கும் நல்லதாகத்தான் இருக்கிறது. இதைச் சொல்லக் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

எந்தப் பக்கத்தை எடுப்பார்கள், இடதா வலதா? கேட்டு வை. தூங்கும்போது அந்தப் பக்கம் அழுத்தாமல் படுக்கிறேன்.

உன் அக்கா


மே 25

அக்காவுக்கு,

இடது. கேட்டேன்.

நம்பிக்கை வந்துவிட்டது. எப்போது என்று தெரியவில்லை. போன வாரக் கடைசியில் அறையைப் பெருக்கினேன், ஆறு மாதத்துக்குப் பிறகு. ஒரு பெரிய கண்ணாடி டம்ளர் வாங்கி வைத்திருக்கிறேன். உன் ஆலையில் செய்ததாகக்கூட இருக்கலாம். ஆபரேஷனுக்குப் பிறகு அதில் விளிம்பு வரை தண்ணீர் ஊற்றி, நின்றுகொண்டே, ஒரே மூச்சில் குடிப்பேன்.

தபால்காரரிடம் சொன்னேன். "ஜூன் 14ஆ? அப்ப நான் யார்கிட்டப் பேசுறது?" என்றார். பிறகு முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டார்.

எழுபத்தொன்பது என்று நீ அனுப்பிய ஒரு வரிக் கடிதம் தலையணைக்கு அடியில் இருக்கிறது. நான் இப்படியெல்லாம் செய்கிறவள் இல்லை என்று உனக்குத் தெரியும்.

ஈர்க்குச்சி


ஜூன் 17

கண்ணு,

நீ வராந்தாவில் எதுவும் கேட்கவில்லை. நானே சொல்லிவிடுகிறேன்.

ஆஸ்பத்திரித் தராசு காட்டிய எண்பத்து மூன்றுதான் சரி. எங்கள் தராசு தப்பு. தப்புகூட இல்லை. காய்கறியும் கறியும் எங்களுக்குப் பிளாஸ்டிக் கூடையில் வரும். ஒரு கூடை நாலு கிலோ. ஒவ்வொரு முறையும் கழிக்கச் சோம்பல்பட்டு, முள்ளை நாலு கிலோ பின்னால் இழுத்து வைத்திருக்கிறோம். கூடையோடு வைத்தால் சரியான எடை காட்டும். பதினோரு வருஷமாக அப்படித்தான். அப்படி வைக்கச் சொன்னதே நான்தான்.

நான் கூடை இல்லாமல் ஏறினேன்.

முதல் வாரத்து நாலு கிலோ அதுதான். அன்றைக்கு நான் ஒரு கிராம்கூடக் குறையவில்லை. ஸ்டோர்காரரிடம் சொன்னேன். "கூடைன்னு தோணவே இல்லீங்களே. மனுஷங்க ஏறினா அது வேறன்னு நினைச்சிட்டேன்" என்றார். நானும் அப்படித்தான் நினைத்திருக்கிறேன் போல.

டாக்டர் காலில் விழாத குறை. மூன்று கிலோதானே என்றேன். "இன்னைக்கு மூணு விட்டா அடுத்தவங்களுக்கு அஞ்சு விடணும்மா. உங்க பிரஷரும் சரியா இல்ல" என்றார்.

செப்டம்பர். மூன்று மாதம். பல்லைக் கடித்துக்கொள். நானும் கடிக்கிறேன்.

அக்கா


ஜூலை 8

அக்காவுக்கு,

காய்ச்சல் இறங்கிவிட்டது. கழுத்துக் குழாயில் கிருமி. அதை எடுத்துவிட்டுத் தொடையில் வேறு போட்டிருக்கிறார்கள். டாக்டர் 'செப்டம்பர்ல பார்ப்போம்' என்றார். அதை என்னிடம் சொல்லவில்லை, கையிலிருந்த காகிதத்திடம் சொன்னார்.

ஒன்று எழுத வேண்டும். எழுதாமல் இருக்க முடிந்தால் இருந்திருப்பேன்.

ஜூன் 14 அன்று நீ தராசிலிருந்து இறங்கி வந்து எண்பத்து மூன்று என்றாய். சிரிக்கப் பார்த்தாய். நான் உன் கையைப் பார்த்தேன். முழங்கைக்கு மேலே. அந்தச் சதை. மூன்று கிலோ எங்கே இருக்கிறது என்று தேடினேன். இங்கேயா, இடுப்பிலா. கறிக்கடையில் நிற்பவள் பார்ப்பது போல.

ஒரு நிமிஷம் இல்லை. அன்று முழுவதும். மறுநாளும். காய்ச்சலிலும் அதுதான். நீ பதினோரு கிலோ குறைத்திருந்தாய். எனக்கு அந்தப் பதினொன்று தெரியவில்லை, மூன்றுதான் தெரிந்தது. உன்னை அப்படி வெறுத்தேன். வேறு யாரையும் நான் அவ்வளவு வெறுத்ததில்லை.

எனக்காக வாயைக் கட்டிய ஒருத்தியை இப்படிப் பார்த்த கண்ணோடு, அவள் உடம்பிலிருந்து எடுத்ததை வாங்கிக்கொள்ள என்னால் முடியாது. இது நியாயமா என்று தெரியவில்லை. முடியாது என்பது மட்டும் தெரிகிறது.

அக்காவிடமிருந்து வேண்டாம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். இறந்தவர்களிடமிருந்து கிடைப்பதற்கான பொதுப் பட்டியலில் என் பெயர் இருக்கிறது. எண் நானூற்றுப் பதினாறு.

தபால்காரர் போன செவ்வாய்க்கிழமை வரவில்லை. கட்டிலில் வேறு ஆள்.

நீ சாப்பிடு, அக்கா.


ஜூலை 13

அடி படிச்ச கிறுக்கே,

பார்த்தாயா? பார். கறிக்கடையில் பார்ப்பது போலவே பார். நான் இருபத்தொரு வயசிலிருந்து கறி வெட்டித்தான் உன்னைப் படிக்க வைத்தேன், எனக்கு அந்தப் பார்வை ஒன்றும் புதிதில்லை. அந்தத் தராசில் நின்றபோது என்னை நானே அதைவிட மோசமாகப் பார்த்தேன்.

வெறுத்துக்கோ. வெறுத்துக்கிட்டே வாங்கிக்கோ. ஆபரேஷன் மேஜையில் அதையெல்லாம் யாரும் கேட்க மாட்டார்கள். உள்ளே வைத்துத் தைத்த பிறகு அது பாட்டுக்கு வேலை செய்யும். பிறகு நாற்பது வருஷம் என்னிடம் பேசாதே. தெருவில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போ. உயிரோடு திருப்பிக்கொண்டு போ, எனக்கு அது போதும்.

மருந்துக்கடைத் தராசில் இன்று எண்பத்தொன்று. எழுதிக் கொடுத்ததைத் திரும்ப வாங்கு. டாக்டரிடம் கேட்டேன், முடியுமாம்.

பதில் போடு. ஒரு வரி போதும்.

அக்கா


ஆகஸ்ட் 2

கண்ணு,

பதில் இல்லை. தபால் தொலைந்திருக்கும் என்று நினைக்கப் பார்த்தேன். போனும் எடுக்கவில்லை.

எழுபத்தெட்டு. இன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில், செருப்பைக் கழற்றிவிட்டு, நர்ஸ் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தது. நாளை எடுத்துக்கொண்டு வருகிறேன்.

அக்கா


ஆகஸ்ட் 5

கண்ணு,

நேற்றுமுன்தினம் வந்தேன். உனக்கும் தெரியும். கதவில் இருக்கும் வட்டக் கண்ணாடி வழியாக உன் கால் தெரிந்தது, பச்சைப் போர்வைக்கு வெளியே. வீங்கியிருந்தது.

நர்ஸ் இரண்டு முறை உள்ளே போய் வந்தாள். முதல் முறை, "தூங்குறாங்க" என்றாள். இரண்டாவது முறை என் பக்கத்தில் உட்கார்ந்து, "பார்க்க வேண்டாம்னு சொல்றாங்கம்மா. நான் சொல்லிப் பார்த்துட்டேன்" என்றாள். சின்னப் பெண். அவளுக்கு அழுகை வந்தது. நான்தான் சமாதானம் செய்தேன்.

டாக்டர் சீட்டைப் பார்த்தார். நல்லா குறைச்சிருக்கீங்க, பிரஷரும் சரியாகிடுச்சு, இப்படியே இருந்தா ரொம்ப நாள் இருப்பீங்க என்றார். வாங்கிக்கொள்கிறவர் சம்மதிக்காமல் தன்னால் ஒன்றும் செய்ய முடியாதாம். காத்திருக்க உனக்கு எவ்வளவு காலம் இருக்கிறது என்று கேட்டேன். "குழாய் போட இனி இடமில்லம்மா" என்றார்.

நாலு மணி நேரமும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மற்றவர்கள் ஒவ்வொருவராக, யாரையாவது பிடித்துக்கொண்டு வந்தார்கள். உள்ளே விளக்கை அணைத்தார்கள். பின்பக்கமாக இன்னொரு வழி இருப்பது எனக்குத் தெரியாது. நீ அந்த வழியாகப் போய்விட்டதை நர்ஸ்தான் சொன்னாள்.

பஸ் ஏறி வந்து, காலை ஷிஃப்டுக்கு உலை வைத்தேன்.

அக்கா