கல்லுக்கு முன்னால் படுத்தவள்

பொம்மிடி,
மாசி, ஞாயிறு.

அன்புள்ள மாமாவுக்கு,

வெண்மதி எழுதுவது. நானும் நம் மகள் மணிமேகலையும் நலம். சத்தீஸ்கரில் வெயில் ஏறியிருக்கும்; போர்வெல் வண்டியில் ராத்திரி வேலை என்றால் பகலில் நன்றாகத் தூங்குங்கள். போனில் பேசினால் வேலை இருக்கிறது என்று வைத்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

நடுகல் திருவிழா முடிந்தது. தோரணம், பள்ளிப் பிள்ளைகளின் பேண்டு, ஊர் வரலாறு எழுதிய பேனர் எல்லாம் வழக்கம்போலத்தான். மாடு மீட்கப் போய்ச் செத்த வீரனாகக் கல்லுக்கு முன்னால் படுப்பது நம் வூட்டு முறை. இரண்டு வருஷமாக நீங்கள் வராமல், ஆளுக்குப் பதிலாக வெறும் துண்டைத்தான் கல்லுக்கு முன்னால் விரித்தோம். இந்தத் தடவையும் ஆள் படுக்காவிட்டால் முறை மாதவராஜ் வூட்டுக்குப் போய்விடும் என்றார் விழாக் குழுப் பச்சியப்பன் அண்ணன். நான் படுக்கிறேன் என்றேன். பொம்பளை படுத்தால் மாடு மிரளுமே என்று சிரித்தார். தினமும் பால் கறக்கிறவளைப் பார்த்து எந்த மாடுங்க மிரளும் என்று கேட்டேன். கூட்டமே சிரித்துவிட்டது.

சாயங்காலம் கண்ணை மூடிப் படுத்தேன். மண்ணில் சூடு ஆறவில்லை. மாடுகள் பக்கத்தில் நடந்தன; அவற்றின் மூச்சு முகத்தில் பட்டது. புழுதி இறங்க இறங்க மேளச் சத்தம் மலைக்கு அப்பால் போய்விட்ட மாதிரி இருந்தது. நான் வெண்மதி இல்லை, யாரோ, எந்தக் காலத்திலோ கிடக்கிறேன் என்று தோன்றியது.

யார் படுத்தாலும், செத்த வீரனை எழுப்ப மூன்று தடவை அழைப்பது வூட்டு ஆம்பளை பெயரைத்தானே. நீங்கள் படுத்தபோது நான் அழைத்தேன். வருஷத்தில் அந்த ஒரு நாள்தான் உங்கள் பெயர் என் வாயில் வரும். இப்போது மணிமேகலை அழைத்தாள். மூன்றாம் அழைப்பில் எழ வேண்டும். நான் எழவில்லை. அந்தப் பெயருக்கு உரியவர் மாடுகளுக்குப் பின்னால் புழுதியில் வந்துகொண்டிருக்கிறார், வரட்டும் என்று கிடந்தேன். கடைசியில் பிள்ளை ஓடிவந்து, அம்மா எழுந்திரும்மா, பயமாயிருக்கு என்று உலுக்கினாள். எழுந்தேன்.

முறை நம்மிடமே இருக்கிறது. ஏம்மா, அடுத்த வருஷம் அவனையே வரச் சொல்லு என்று பச்சியப்பன் அண்ணன் மெதுவாகச் சொன்னார். உங்களைப் பற்றி ஊரில் என்னென்னவோ பேசுகிறார்கள். நான் ஒன்றும் கேட்கவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம்.

மாமா, எனக்குப் படுக்கிற இடம் வேண்டாம். நின்று அழைக்கிற இடம் வேண்டும். எங்கே இருந்தாலும் அந்தக் கல் உங்களைக் காக்கட்டும். வந்துவிடுங்கள். நான் முதல் தடவை கூப்பிடும்போதே எழுந்துவிடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பெயரைச் சொல்லக் காத்திருக்கும்
வெண்மதி