பச்சை வரைபடத்தின் அடிவிளிம்பு

மாந்தோவா
20 பிப்ரவரி 1961

அன்புள்ள அக்கா டெல்ஃபினாவுக்கு,

உன் முழங்கால் வலி எப்படி? தாத்தாவின் வரைபடத்தைச் சட்டத்தோடு ரயிலில் அனுப்பியிருக்கிறேன். இத்தாலி ஒன்றானதன் நூறாம் ஆண்டு விழாவுக்கு, மார்ச் பதினேழாம் தேதி நகராட்சி மண்டபத்தில் நடுநாயகமாக அதைத்தான் மாட்டப்போகிறார்கள். ஆஸ்திரியர்கள் நம் ஊரை ஆண்ட 1858இல், துண்டுதுண்டாய்க் கிடந்த தேசம் முழுவதற்கும் ஒரே பச்சை பூசிய இந்தப் படத்தை வைத்திருந்ததற்காகத் தாத்தா சிறைக்குப் போன கதையை நான் பேச வேண்டும். காட்டிக்கொடுத்த ரொட்டிக்கடைக்காரன் பெயரையும் சொல்லச் சொல்கிறார்கள். ஊருக்கே தெரிந்ததுதானே. இன்றும் நம் தெருவில் பாதிப்பேர் அந்தக் கடை ரொட்டியைத் தொடுவதில்லை. பழைய காகிதம் செப்பனிட உன்னை விட்டால் ஆளில்லை. கறையை மட்டும் எடுத்துக்கொடு.

உன் தம்பி
எஜிதியோ

தூரின்
27 பிப்ரவரி

தம்பி எஜிதியோவுக்கு,

முழங்கால் கிடக்கட்டும். படத்தின் அடிவிளிம்பில் ஒரு காகிதப் பட்டை ஒட்டியிருந்தது. நனைத்து உரித்தேன். கீழே அச்சிட்டவர் பெயரும் ஆண்டும் இருக்கின்றன: 1867. ஆஸ்திரியர்கள் நம் ஊரைவிட்டுப் போய் ஒரு வருஷம் ஆன பிறகு அச்சான படம். தாத்தா எதற்கு உள்ளே போனாரோ, இதற்காக இல்லை. அப்போது இல்லாத படத்தை யாரும் காட்டிக்கொடுத்திருக்கவும் முடியாது.

பட்டை 1911ஆம் வருஷச் செய்தித்தாள். ஐம்பதாம் ஆண்டு விழாவுக்கு அப்பா இதற்குச் சட்டம் போட்டாரே, அப்போது ஒட்டியது. ரொட்டிக்கடை உல்தெரிகோவின் அப்பாவைத்தானே இத்தனை காலம் ஒற்றன் என்றோம்? மகன் உல்தெரிகோவுக்கே எண்பத்தாறு வயசு, படுத்த படுக்கை என்று நீதான் எழுதினாய். உயிரோடு இருக்கும்போதே போய்ச் சொல்லிவிடு.

டெல்ஃபினா

மாந்தோவா
4 மார்ச்

அக்கா,

பட்டையைத் திரும்ப ஒட்டிவிடு. விழா முடியட்டும். செத்தவர்கள் சண்டையைக் கிளறி யாருக்கு என்ன லாபம்? பட்டைக்குக் கீழே இருப்பதை அப்பா சாகும்போதே என்னிடம் சொல்லிவிட்டார். "மூச்சு விட்றாதடா, ஊர் சிரிக்கும்" என்றார். இருபத்துமூன்று வருஷமாக நான் விடவில்லை. நீயும் விடாதே.

எஜிதியோ

தூரின்
8 மார்ச்

எஜிதியோ,

உனக்கும் தெரியுமா? தெரிந்துகொண்டா மேடையேறி அந்தப் பெயரைச் சொல்ல இருந்தாய்? பட்டையில்லாமலே படத்தை அனுப்பிவிட்டேன். பதினைந்துக்குள் நீ போகாவிட்டால், பதினாறு காலையில் நான் அவர் கட்டிலருகே நிற்பேன். அதன் பிறகு என்னை அக்கா என்று கூப்பிடாதே.

டெல்ஃபினா

மாந்தோவா
14 மார்ச்

அக்கா,

போனேன். உல்தெரிகோவின் மகள் ஜெல்மிரா என்னைப் பார்த்துத் திகைத்துப்போனாள். நம் வீட்டு ஆள் யாரும் அந்தப் படியேறியதில்லையே. நான் வாய் திறப்பதற்குள் கிழவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டார்.

"எங்கப்பா உங்க தாத்தாவுக்குப் பண்ணது பெரிய பாவம்பா. நாங்கதான் வந்து கேட்டிருக்கணும். வெக்கமா இருந்துச்சு. மன்னிச்சிரு."

சொன்னேன் அக்கா. 1867ஐச் சொன்னேன், அப்பா ஒட்டிய பட்டையைச் சொன்னேன், எனக்குத் தெரிந்திருந்ததையும் சொன்னேன். அவர் நம்பவில்லை. "சாகப்போற கிழவன் மனசு நோகக்கூடாதுன்னு சொல்ற. நீ நல்லவன்பா" என்று என் தலையைத் தடவினார்.

ஜெல்மிரா நம்பினாள். தெருக்கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, நான் வெளியேறும்வரை நின்றாள்.

படம் மண்டபத்துக்கு வராது என்று நகராட்சியில் சொல்லிவிட்டேன். காரணத்தையும் சொன்னேன். நீ வந்தால் தேவலை. வீட்டில் இருக்க முடியவில்லை.

எஜிதியோ