லைட்டின் மேல் ஒட்டிய பொட்டு

சத்யா,

கார் சாவி ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது. நான் சங்ககிரிப் பட்டறைக்கு பஸ்ஸில் போகிறேன், நீ ராசிபுரத்துக்குக் காரை எடுத்துக்கொள். மாவு பொங்கியிருந்தது, உள்ளே வைத்துவிட்டேன்.

காரில் கெட்டது ஆக்சிஜன் சென்சார்தான். புதுசு நாலாயிரம் ரூபாய். பழையது புகைக்குழாயோடு துருப்பிடித்து ஒட்டிக்கொண்டது. சூடு காட்டி, ஆயில் விட்டுத் திருகுவதற்குள் ஞாயிற்றுக்கிழமையே போய்விட்டது. கையில் எடுத்துப் பார்த்து அசந்து போனேன். கட்டைவிரல் அளவுதான். அந்தக் கொதிக்கிற குழாய்க்குள் மூக்கை நீட்டி, புகையை மோந்து மோந்து, எவ்வளவு பெட்ரோல் விடணும் என்று இன்ஜினுக்கு இத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது! லாரிகளுக்கு நடுவிலேயே வளர்ந்தவன், எனக்கு இது தெரியாமல் போயிற்றே.

அது கெட்டதை முதலில் மோந்தவள் நீ. "ஏனுங்க, பெட்ரோல் வாசம் அடிக்குதுங்க" என்றாய். நான் "சும்மா வா புள்ள" என்று சொல்லி, ஸ்டியரிங்குக்கு முன்னால் எரிந்த மஞ்சள் இன்ஜின் லைட்டை மறைக்க உன் ஸ்டிக்கர் பொட்டை எடுத்து ஒட்டினேன். அன்றிலிருந்து நீ என்னோடு பேசவில்லை.

பழைய சென்சார் டிவி பக்கத்தில் இருக்கிறது. வீசிவிடாதே.

இன்னொன்று: பொட்டை உரித்து உன் கண்ணாடியிலேயே ஒட்டிவிட்டேன். லைட் அணைந்துவிட்டது. ஆனாலும் நீ ஓட்டிப் பார்த்து, வாசம் இல்லை என்று வாயைத் திறந்து சொன்னால்தான் நம்புவேன்.