புளி போட்டுத் தேய்த்த வாட்ச்

5-10-2025, ஞாயிறு

இதைப் படிக்கிறவர் என் கையெழுத்தை மன்னிக்க வேண்டும். படிக்கப் போவது நான் ஒருவன்தான். ஆனாலும் நாளைக்கு எனக்கே விளங்காமல் போகலாம். அதனால் எனக்கு நானே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். வரி நேராகத்தான் புறப்படுகிறது, பாதியில் மேலே ஏறிவிடுகிறது. 'ழ' எழுதினால் அதன் வால் அடுத்த வரியில் போய் இடிக்கிறது. வாட்ச்மேன் வேலையில் தீப்பெட்டி ஆபீஸ் கேட்டை இழுத்து இழுத்துக் காய்த்துப்போன கை. பேனாவையும் கம்பி மாதிரிதான் பிடிக்கிறது.

எழுத்தறிவு வகுப்பில் பொன்மணி டீச்சர் சொன்னார். "தெனம் நாலு வரி எழுதுங்க தாத்தா. தப்பா இருந்தாலும் எழுதுங்க."

என் பெயர் சங்கிலிப்பாண்டி. எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருக்கிறது! மாடத்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன். "எம் பேரு எங்க?" என்றாள். இதோ, மாடத்தி. என் மனைவி.

8-10-2025, புதன்

கோவில்பட்டி டவுனில் புதிதாகத் திறந்திருக்கிற பெரிய கடையிலிருந்து ஒரு பையன் டை கட்டிக்கொண்டு ஆபீசுக்கு வந்தான். கேட்டில் நான் பெயர் கேட்டு, நோட்டில் நானே எழுதிக்கொண்டேன். போன வருசம் வரை வருகிறவர்களையே எழுதச் சொல்வேன். இப்போது நான் எழுதி முடிக்கும் வரை அவர்கள் வெயிலில் நிற்கவேண்டியிருக்கிறது.

அவன் கொண்டுவந்தது கிஃப்ட் கார்டு. முதலாளி மொத்தமாக வாங்கி எல்லோருக்கும் தீபாவளிக்குக் கொடுக்கலாம். அவரவர் கடைக்குப் போய்ப் பிடித்ததை எடுத்துக்கொள்ளலாம். காமராஜ் முதலாளிக்குப் பிடித்துவிட்டது. "வாளி குடுத்தா மூடி எங்கங்காவ. சேலை குடுத்தா கலர் சரியில்லங்காவ. அவியவிய இஷ்டத்துக்கு எடுத்துக்கிடட்டும். எனக்கும் வசவு மிச்சம்" என்றார்.

10-10-2025, வெள்ளி

பஸ் போர்டு படித்தேன். ஓட்டப்பிடாரம். நான் முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது. அது எங்கள் ஊர் பஸ் இல்லை, அதனால் நட்டமில்லை.

15-10-2025, புதன்

கார்டு கொடுத்தார்கள். பெண்களுக்கெல்லாம் கோபம். பெட்டி அடைக்கிற மாரிசெல்வி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத வச்சு வெத்தலைக்குச் சுண்ணாம்பு தடவலாம், வேற என்னத்துக்கு ஆகும்?" என்றாள். ஒரே சிரிப்பு.

நான் கேட்டில் உட்கார்ந்து கார்டின் பின்பக்கத்தைப் படித்தேன். ரொம்பப் பொடி எழுத்து. கடையில் சேலை, பாத்திரம், வாட்ச் என்று எந்தப் பிரிவிலும் வாங்கலாம். ரொக்கமாக மாற்ற முடியாது. ஒரே தடவையில் வாங்கிவிட வேண்டும். வெள்ளிப் பட்டையைச் சுரண்டினால் வருகிற நம்பரை யாரிடமும் சொல்லக் கூடாது. மாரிசெல்வி வந்து, "அண்ணாச்சி, சத்தமா வாசிங்க" என்றாள். வாசித்தேன். அப்புறம் ஒவ்வொருவராக வந்து, அவரவர் கார்டையும் வாசிக்கச் சொன்னார்கள். எல்லாக் கார்டிலும் ஒன்றுதான் எழுதியிருக்கிறது என்று சொன்னேன். கேட்கவில்லை. நானும் சலிக்காமல் வாசித்தேன். எனக்கு அது தீபாவளிதான்.

மாடத்தி கார்டை வாங்கி முந்தியில் முடிந்துகொண்டாள். பேத்தி ஆனந்தியின் நிச்சயத்துக்கு மாடத்தி உடுத்த ஒரு பட்டு எடுக்கவேண்டும். அரக்குக் கலர்.

19-10-2025, ஞாயிறு

பம்பாயிலிருந்து முத்துசெல்வம் அனுப்பிய பார்சல் வந்தது. வெளிநாட்டு வாட்ச்! பச்சைப் பெட்டி, உள்ளே தலையணை மாதிரி ஒன்று, அதைக் கட்டிக்கொண்டு வாட்ச். பட்டையில் பாதி வெள்ளை, பாதி தங்கம்.

நிச்சயத்தன்று தாய்மாமன்தான் மாப்பிள்ளைக்கு வாட்ச் கட்டவேண்டும். எங்கள் வழக்கம் அது. ஆனந்திக்குத் தாய்மாமன் என் மகன் முத்துசெல்வம். போன வருசம் வந்தபோதே அவன் அக்கா, ஆனந்தியின் அம்மா வள்ளிமயிலிடம், "ஒம் மருமகனுக்கு ஃபாரின் வாட்ச்தாங்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். வள்ளிமயில் அதைச் சம்பந்தி வீட்டில் சொல்லியாயிற்று. சம்பந்தி அவர் தெருவில் சொல்லியாயிற்று. மாப்பிள்ளை சுடலைமணிக்கு மணியாச்சியில் ரயில்வே வேலை. மணி பார்த்துச் செய்கிற வேலைக்கு வாட்ச் பொருத்தம்தான்.

சாயங்காலம் மழை. கரிசல் செருப்போடு வீட்டுக்குள் வந்துவிட்டது.

26-10-2025, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை.

நிச்சயத்துக்காக மாடத்தி தாம்பாளத்தையும் குத்துவிளக்கையும் வாசலில் போட்டுத் தேய்த்தாள். புளி, சாம்பல், தேங்காய் நார். எல்லாம் பளபள என்று வந்தது. சீர்த்தட்டில் போகிற சாமான் எல்லாம் தேய்த்தாயிற்று, வாட்ச் மட்டும் என்ன பாவம் செய்தது என்று நினைத்திருக்கிறாள். கடலில் குதித்தாலும் இதற்குள் தண்ணீர் போகாது என்று முத்துசெல்வம் போனில் சொல்லியிருந்தான். அந்தத் தைரியம் வேறு.

தேய்த்துவிட்டாள்.

பட்டையில் தங்கம் போய்விட்டது. அங்கங்கே தேமல் மாதிரி வெள்ளை. கண்ணாடிக்குள் ஆவி அடித்திருக்கிறது. வாசலில் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு, "எம் பிள்ள கஷ்டப்பட்டு அனுப்புனதப் புளியப் போட்டுத் தேச்சிட்டேனே பாவி" என்று ஒரே அழுகை. வள்ளிமயிலுக்கு என்ன பதில் சொல்ல?

28-10-2025, செவ்வாய்

மாடத்தி சரியாகச் சாப்பிடவில்லை. வாட்சைத் துணியில் பொதிந்து அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறாள். ஈரம் இழுக்குமாம். தங்கம் திரும்பி வருமா?

29-10-2025, புதன்

ஆபீசில் லீவு சொல்லிவிட்டு, வாட்சைத் துண்டில் சுற்றிக்கொண்டு டவுனுக்குப் போனேன். கார்டு கொடுத்த அதே கடை. அங்கே வாட்ச் பிரிவும் இருக்கிறது என்று கார்டில்தான் படித்திருந்தேன். சுகுணா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த பெண் இருந்தாள். "மறுபடி தங்கம் பூசித் தருவீங்களாம்மா? எங்க வீட்ல புளி போட்டுட்டா" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

கண்ணில் ஒரு லென்சை வைத்துப் பார்த்தாள். கையில் தூக்கிப் பார்த்தாள். அப்புறம் மெதுவாகச் சொன்னாள். "தாத்தா, பாட்டி ஒண்ணும் கெடுக்கல. ஒரிஜினல்ல தங்கம் பூசுறதில்ல, பட்டையில தங்கத்தையே வச்சிருப்பாவ. புளி என்ன, எதப் போட்டுத் தேச்சாலும் போகாது."

"அப்பம் இது?"

"டூப்ளிகேட்டு."

எனக்கு விளங்கும்படி ஒவ்வொன்றாகக் காட்டினாள். இந்த வகை வாட்சில் வினாடி முள் வழுக்கிக்கொண்டு போகுமாம். இது வெட்டி வெட்டிக் குதிக்கிறது. தேதிக்கு மேலே ஒட்டியிருக்கிற சின்னக் கண்ணாடி தேதியைப் பெரிதாகக் காட்டவேண்டுமாம். இது இருந்தபடிதான் காட்டுகிறது. லென்சை என் கண்ணில் வைத்து உள்ளே இருக்கிற எழுத்தைப் பார்க்கச் சொன்னாள். ஒரிஜினலில் ஓரம் கத்தியால் நறுக்கின மாதிரி இருக்கும் என்றாள். இதில் பிசிறு பிசிறாக என் 'ழ' மாதிரி இருந்தது. லென்சைக் கழற்றாமல் என் விரல் ரேகையையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். வயல் மாதிரி இருக்கிறது.

பஸ்ஸில் வரும்போது முதலில் சந்தோசம். மாடத்தி மேல் தப்பில்லை. பாதி வழியில் அந்தச் சந்தோசம் போய்விட்டது. அப்பம் எம் மவன்? ஏமாந்தானா? ஏமாத்துனானா? எதுவா இருந்தாலும் எனக்குத் தாங்கலையே.

வீட்டுக்கு வந்து சொன்னேன். "சத்தியமா?" என்றாள். சத்தியமாக என்றேன். சோற்றுப் பானையை எடுத்துவைத்துச் சாப்பிட்டாள், மறுசோறும் போட்டுக்கொண்டாள். கை கழுவி வந்தபிறகு வேறு மாதிரி பேசினாள்.

"இத யார்ட்டயும் சொல்லாதீங்க. நான் தேச்சுக் கெடுத்ததாவே இருக்கட்டும்."

"ஏட்டி, நீ கெடுக்கலன்னு இப்பத்தான தெரிஞ்சிருக்கு!"

"கெழவி புத்திகெட்டுத் தேச்சிட்டான்னு ரெண்டு நாள் சிரிப்பாவ. அவனச் சொன்னா, கட்டிக்குடுத்த வீட்ல ஆனந்திட்ட ஆயுசுக்கும் சொல்லிக் காட்டுவாவ. அவன்ட்டயும் கேக்காதீங்க. போனும் போடாதீங்க."

நான் போன் போடவில்லை.

31-10-2025, வெள்ளி

இரண்டு பேரும் டவுனுக்குப் போனோம். மாடத்தி முதலில் சேலைப் பிரிவுக்குத்தான் போனாள். அரக்குக் கலர் ஒன்றைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு முந்தியை அவிழ்த்துக் கார்டை என் கையில் கொடுத்து, "வாட்ச் எங்கன?" என்றாள். பழைய பட்டுதான் மெத்தென்று இருக்கிறதாம்.

சுகுணா அந்தக் கார்டுக்குள் அடங்குகிற மாதிரி ஒன்று எடுத்துக் கொடுத்தாள். வெள்ளை முகம், தோல் பட்டை. பார்க்கக் கண்ணியமாக இருக்கிறது. "புளி போட்டா என்ன ஆகும்?" என்று மாடத்தி கேட்டாள்.

"ஐயோ பாட்டி, போடவே போடாதீங்க!"

1-11-2025, சனி

முத்துசெல்வம் வந்துவிட்டான். மெலிந்திருக்கிறான். வந்ததும் வராததுமாக அவன் அம்மா, "ஏலே, வாட்ச்ச நான் தேச்சுக் கெடுத்துட்டேம்லே. ஒங்க அய்யா வேற ஒண்ணு எடுத்துட்டாவ" என்றாள். அவன் அந்தத் தேமல் வாட்சைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். "பரவாயில்லம்மா" என்றான். தங்கம் எப்படிப் போகும் என்று கேட்காமல், அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். எனக்குத் தெரிந்துவிட்டது. இவன் ஏமாறவில்லை.

2-11-2025, ஞாயிறு

வள்ளிமயில் வீட்டில் சீர்த்தட்டு அடுக்கினோம். நாளைக்கு நிச்சயம். அவள் வாட்ச் பெட்டியைத் திறந்தாள். தோல் பட்டை. மாடத்தி நடந்ததைச் சொன்னாள், அவள் சொல்ல விரும்பிய விதத்தில்.

வள்ளிமயிலுக்குச் சின்ன வயதிலிருந்தே குரல் ஓங்கித்தான் வரும். "உலகத்துல எவளாச்சும் வாட்ச்சுக்குப் புளி போடுவாளாம்மா? அவன் ராவும் பகலுமா ஒழச்சு அனுப்புனத... ஒனக்கு என்னைக்குத்தான் புத்தி வரப்போவுது? நாளைக்கு அவிய முன்னால என் மூஞ்சிய எங்கன கொண்டு வைக்க?"

"தப்புத்தாம்ட்டி" என்றாள் மாடத்தி.

"தப்புன்னா சரியாப் போச்சா? பாழாப்போன கெழவி!"

நான் வாயைத் திறக்கப் போனேன். மாடத்தி என்னை ஒரு பார்வை பார்த்தாள். மூடிக்கொண்டேன்.

முத்துசெல்வம் மாவிலை கட்டிக்கொண்டிருந்தான். ஸ்டூலை விட்டு இறங்கினான்.

"எக்கா, போதும். அம்மாவ வையாத. அது டூப்ளிகேட்டு."

"என்னலே சொல்லுத?"

"தெரிஞ்சேதான் வாங்குனேன். ஆடி மாசத்துல இருந்து எனக்கு வேலையில்ல. கம்பெனிய மூடிட்டான். ஒன்ட்ட வாய் விட்டுட்டேன், நீ ஊரெல்லாம் சொல்லிட்ட. நான் என்ன செய்ய?"

"இல்லட்டி, நான் தேச்சதுதான்..." என்றாள் மாடத்தி. அப்போதும் விடவில்லை.

"எம்மா, நீ சும்மா இரி" என்று அழுதுவிட்டான் மகன். இவ்வளவு வளர்ந்த பிள்ளை. வள்ளிமயில் அடுப்படிக்குப் போய்விட்டாள். நாளைக்கு என்ன சொல்லப் போகிறாளோ. இதை எழுதுகிறபோது எழுத்து இன்னும் கோணுகிறது.

3-11-2025, திங்கள்

நிச்சயம் நல்லபடியாக முடிந்தது. சம்பந்தி நல்லக்கண்ணு, தட்டு மாற்றியதுமே பந்தல் முழுக்கக் கேட்கிற மாதிரி, "அந்தப் பம்பாய் மாமா எங்க? ஃபாரின் வாட்ச்ச எடுத்துக் காட்டுங்க, எல்லாரும் பாக்கட்டும்" என்றார். முத்துசெல்வம் தலையைக் குனிந்துகொண்டான். மாடத்தி பேச வாயெடுத்தாள்.

அவளுக்கு முன்னால் வள்ளிமயில் எழுந்துவிட்டாள்.

"ஃபாரின் வாட்ச் இல்ல அண்ணாச்சி. கோவில்பட்டியில எங்க அய்யா எடுத்தது. தம்பிக்கு இப்பம் வேலையில்ல, இந்த வருசம் தோதுப்படல. ஆனா தாய்மாமன் அவன்தான், அவன்தான் கட்டுவான்."

நல்லக்கண்ணு வாட்சை வாங்கித் திருப்பிப் பார்த்தார். காதில் வைத்துக் கேட்டார். "நல்லதாப் போச்சு. நின்னு போனா கோவில்பட்டிக்கு பஸ் ஏறிருவோம். ஃபாரினுக்கு எவன் போவான்?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனந்தியும் தலையைக் குனிந்தபடியே சிரித்தாள்.

முத்துசெல்வம் கட்டும்போது புதுத் தோல் விறைத்து, பட்டையின் ஊசி துளைக்குள் போகவில்லை. வள்ளிமயில் குனிந்து, மாப்பிள்ளையின் கைக்குக் கீழே பட்டையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு போயிற்று.

6-11-2025, வியாழன்

இன்றைக்கு முத்துசெல்வம் ஏறவேண்டிய ரயில் காலையிலேயே போய்விட்டது. அவன் கட்டிலில் தூங்குகிறான். டிக்கெட்டை ரத்து செய்தது வள்ளிமயில்தான். "கல்யாணம் முடியாம எங்கன போற?" என்று கேட்டு, அவன் போனைப் பிடுங்கி மகளிடம் கொடுத்துச் செய்யச் சொல்லிவிட்டாள். மதியத்துக்குக் குழம்பும் அவள் வீட்டிலிருந்துதான் வந்திருக்கிறது. தூக்குவாளியை என்னிடம் கொடுக்காமல் நேராக அம்மாவிடம் கொடுத்தாள். அம்மாவுக்குப் பிடிக்கும் என்று கருவாடு போட்டிருக்கிறாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. மாடத்தியும் எதிர்பார்க்கவில்லை.

மகன் குறட்டை விடுகிறான். "எழுப்பாதீங்க" என்று மாடத்தி இரண்டு தடவை சொல்லிவிட்டாள். நான் எழுப்பவே போகவில்லை.

விரல் வலிக்கிறது, நிறுத்துகிறேன். மழைக்கு எங்கள் துண்டு நிலத்து மக்காச்சோளத்தில் களை ஏறிக்கிடக்கிறது. நாளைக்கு அவனையும் கூட்டிக்கொண்டு போகிறேன். இத்தனை வருசம் பம்பாயில் இருந்தவன் களை வெட்டுகிற லட்சணத்தை அடுத்த வாரம் எழுதாமல் விடமாட்டேன்.