எல்லோருக்கும் ஃபைவ் நைன்

மே 4
ஹாம் ரேடியோ கிளப் செயலாளர் இன்று காலையும் வயர்லெஸ்ஸில் "ஃபைவ் நைன், பிரமாதம்மா" என்றார். ஐந்து என்றால் பேச்சு முழுக்கப் புரிகிறது, ஒன்பது என்றால் சத்தம் பலம். அப்படியானால் நான் கேட்கும் எந்தக் கேள்விக்கும் ஏன் பதில் வருவதில்லை? அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் மேடு இருக்கிறது. என் கையில் இருப்பதோ ஐந்து வாட் கையடக்க வயர்லெஸ். சந்தேகமாகவே இருக்கிறது.

மே 5
"உனக்கு மட்டுமாடி சொல்றாரு? எல்லாருக்கும் பாஸ் மார்க் போடுற வாத்தியார் அவரு" என்கிறாள் அக்கா, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு. அவளுக்கு விளையாட்டு. போன மழையில் கரண்ட்டும் இல்லை, போனும் நாலு நாள் செத்துக் கிடந்தது. கரண்ட் போனால் ஆக்சிஜன் மெஷின் நின்றுவிடும், அவசரத்துக்கு இருக்கும் சிலிண்டர் ஆறு மணி நேரம்தான் தாங்கும். ஆம்புலன்ஸைக் கூப்பிட ஒரு வழி வேண்டும் என்றுதானே தையல் மெஷினை மூடி வைத்துவிட்டுப் படித்து லைசென்ஸ் வாங்கினேன்.

மே 9
செயலாளரைச் சோதித்தேன். "எங்க சமையலறையில யானை நிக்குது" என்றேன்.
"ஃபைவ் நைன்! ரொம்ப சந்தோஷம். வீட்டுல எல்லாரையும் கேட்டதாச் சொல்லுங்க."
அக்கா சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்கவே இல்லை.

மே 10
கிளப்புக்குப் போய்ச் செயலாளரை நேரிலேயே கேட்டுவிட்டேன். "கேக்கலைன்னு முகத்துக்கு நேரா எப்படிம்மா சொல்றது? புதுசா வந்தவங்க மனசு நொந்துடாதா?"
சீ. என் மனசு கிடக்கட்டும், அக்காவோட மூச்சு? இதுக்குப் பேரு மரியாதையா?
கிளப்பில் என்னைத் தவிர இருக்கும் ஒரே பெண் பைக் மெக்கானிக். வெளியே வந்து சொன்னாள்: "பெரிய செட்டெல்லாம் வேணாம். ஆன்டெனா அடியில ஒரு வயரைத் தொங்க விடு. நான் மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கேன், கேக்கலைன்னா கேக்கலைன்னே சொல்றேன்."

மே 12
பத்தொன்பதேகால் அங்குலம். தையல் டேப்பால் அளந்து வெட்டினேன். ஆன்டெனா மாட்டும் இடத்தில் வெளி வளையத்தோடு சேர்த்து இறுக்கி, வால் மாதிரி தொங்கவிட்டேன். மெக்கானிக் போன் செய்தாள். "கரகரன்னு ஏதோ. பேச்சா இருமலான்னு தெரியலை."

மே 13
மொட்டைமாடி. "ஏதோ பொம்பளைக் குரல். அவ்வளவுதான்."

மே 19
செட்டோடு வந்த ரப்பர் குச்சி ஆன்டெனாவைக் கழற்றிப் போட்டேன். அதைப் பார்த்தாலே எரிச்சல். மாடியில் கம்பம் நட்டு, உச்சியில் செம்புக் கம்பி ஆன்டெனா. நீளக் கேபிள் பாதி பவரைத் தின்றுவிடுமாம், அதனால் குட்டையாகப் போட்டு நானே மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டேன்.
மெக்கானிக் சொன்னாள்: "மூணு மூணு. சிரமப்பட்டா புரியுது. நம்பரெல்லாம் ரெண்டு தடவை சொல்லணும்."
இத்தனை நாளில் கேட்ட முதல் நல்ல செய்தி.

மே 20
செயலாளர்: "ஃபைவ் நைன்." செட்டை அணைத்தேன்.

ஜூன் 17
விடிகாலை ஐந்து மணிக்குக் கரண்ட் போனது, போனும் போனது, சிலிண்டரை மாட்டினேன். பத்து மணிக்கு அக்காவின் உதடு நீலமாகத் தொடங்கியது. கொட்டும் மழையில் மாடிப்படியிலிருந்து கூப்பிட்டேன். மெக்கானிக் இல்லை. கிடைத்தது செயலாளர், அவர் பக்கம் போன் சாகவில்லை.
வீட்டு எண்ணைச் சொன்னேன். இரைச்சல். பிறகு அவர் குரல்:
"சரியா கேக்கலைம்மா. ஏழா ஒண்ணா? தப்பான வீட்டுக்கு வண்டிய அனுப்பிடப் போறேன், மறுபடி சொல்லு."
நாலு தடவை சொல்ல வைத்தார். நாலாவது தடவை அவர் குரல் நடுங்கியது. சிலிண்டரில் அரை மணி நேரம் மிச்சமிருந்தபோது வண்டி வந்தது.
அந்த ஆளை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. அக்கா வார்டில் தூங்குகிறாள்.