வீட்டுக் கம்ப்யூட்டரில் நான் வைத்த காவல்

பிப்ரவரி 6, கருங்குழி

கூரியர் கம்பெனி பெயரில் வந்த போலி லிங்க் ஒன்றை ஜாக்குலின் இன்று தட்டிவிட்டாள். நல்லவேளை, எதுவும் ஆகவில்லை. நெட்வொர்க் வேலை பார்க்கிறவன் பெண்டாட்டியே இப்படியா? சாயந்திரம் உட்கார்ந்து வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒரு விர்ச்சுவல் மெஷின் போட்டேன். கம்ப்யூட்டருக்குள்ளேயே இன்னொரு கம்ப்யூட்டர் மாதிரி. இனி வெளியே போவது, உள்ளே வருவது எல்லாம் அதன் வழியாகத்தான். ஆகாததை அது நிறுத்திவிடும். அவளிடம் சொன்னேன். ஸ்லோ ஆகாமல் இருந்தால் சரி என்றாள்.

பிப்ரவரி 19

எந்தத் தளத்துக்கு எப்போது போனோம் என்று அந்த மெஷின் பட்டியலும் எழுதி வைக்கிறது. இதை அவளிடம் சொல்லவில்லை. மறந்துவிட்டேன் - இல்லை, மறக்கவில்லை.

பிப்ரவரி 27

பட்டியலைப் பார்த்தேன். செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் நர்ஸ் டியூட்டி முடிந்து அவள் வந்ததும் தினமும் இரண்டு மணி நேரம் ஜெர்மன் வகுப்பு. நர்சுகளை ஜெர்மனிக்கு அனுப்புகிற ஏஜென்சி ஒன்று. விசா பக்கம், நேற்று மட்டும் நாலு முறை.

கல்யாணமாகி ஏழு வருஷம். ஒரு வார்த்தை சொல்லலியே. என்னை விட்டுட்டுப் போறாளா?

பிப்ரவரி 28

கேட்கலாம். கேட்டால், உனக்கு எப்படித் தெரியும் என்பாள்.

மார்ச் 9

மெஷினில் ஒரே ஒரு வரி சேர்த்தேன். அந்த ஏஜென்சியின் தளம் இனி நம் வீட்டுக் கம்ப்யூட்டரில் திறக்காது.

மார்ச் 14

காலையில் அவள் தலைவாரி, நல்ல சுடிதார் போட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தாள். பத்து மணிக்குக் கூப்பிட்டாள்.

"இந்தப் பக்கம் தொறக்கவே மாட்டேங்குது. இன்னான்னு கொஞ்சம் பாரேன். ஒரு டெஸ்ட்டு. பத்தரைக்குள்ள உள்ள போவணும்."

என்ன டெஸ்ட் என்று நான் கேட்கவில்லை. கேட்காததை அவளும் கவனிக்கவில்லை, அவ்வளவு பதற்றம். போனில் முயன்றாள். பக்கம் திறந்தது, ஆனால் தேர்வைக் கம்ப்யூட்டரில்தான் எழுத வேண்டுமாம். நான் மண்டிபோட்டு கேபிளைப் பிடுங்கி மாட்டினேன். மோடத்தை அணைத்துப் போட்டேன். அந்த வரியை எடுக்க அரை நிமிஷம் போதும். பத்து இருபது. பத்து இருபத்தைந்து. அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்தரை ஆனதும், லைனில் ஏதோ கோளாறு என்று சொன்னேன்.

அவள் அழவில்லை. ஒரு துணியை எடுத்து மேஜையைத் துடைத்தாள். அதில் துடைக்க ஒன்றுமில்லை.

மார்ச் 16

அந்த வரி இன்னும் இருக்கிறது. எடுத்தால் வேறு தேதி கேட்பாளே என்ற பயம். நான் என்ன மனுஷன்?

மார்ச் 18

நான் படாளத்தில் வேலையில் இருந்தபோது அவள் கம்ப்யூட்டரை செங்கல்பட்டில் சாம் கடைக்குத் தூக்கிப் போயிருக்கிறாள். சாம் என்னோடு பாலிடெக்னிக் படித்தவன். மத்தியானம் போன் பண்ணினான்.

"மச்சான், அந்த வரிய நீதான் போட்டுகீற. நான் அவங்ககிட்ட ஒண்ணும் சொல்லல. வூட்டுக்குப் போய் நீயே சொல்லிடு."

சொன்னேன். பட்டியலையும் சேர்த்துச் சொன்னேன். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அன்னிக்குக் கேபிளப் புடுங்கி மாட்டினியே. அப்பவே உனக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன்.

அவளோடு வேலை பார்த்த பூங்கொடி போன வருஷம் குவைத் போனபோது, புருஷனை விட்டுட்டுப் போற பொம்பளை என்று நான் சாப்பிடும்போது சொன்னேனாம். எனக்கு ஞாபகமில்லை. அதனால்தான் பாஸ் ஆகிவிட்டுச் சொல்லலாம் என்று இருந்திருக்கிறாள். போனில் அவளுடைய விண்ணப்பத்தைத் திறந்து காட்டினாள். கணவர் பின்னால் வந்து சேர்வாரா என்று ஒரு கேள்வி. ஆம் என்று குறித்திருந்தாள். பக்கத்தில் என் பேர், ஆல்வின், எழுத்துப் பிசகாமல்.

பிறகு சோறு போட்டு வைத்துவிட்டு, "நீங்க சாப்பிடுங்க" என்றாள்.

ஏழு வருஷத்தில் அவள் என்னை நீங்க என்று சொன்னதில்லை.

மார்ச் 19

கோவளத்துக்கு, அவங்க அம்மா வீட்டுக்குப் போய்ட்டா.

ஏப்ரல் 2

விர்ச்சுவல் மெஷினை அழித்துவிட்டேன். இப்போது எல்லாம் நேராகப் போகிறது. போவதற்குத்தான் ஆளில்லை.

ஏப்ரல் 21

கோவளம் போனேன். உள்ளே வரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். மன்னிச்சிடு என்றேன். திட்டு, அடி, என்ன வேணா செய், வந்துடு என்றேன். மெதுவாகத்தான் பேசினாள்.

"கோவமா இருந்தா திட்டிட்டு வந்துடுவேன். எனக்கு பயமா கீது. இப்பகூட, நான் இங்க வந்து யார்கிட்ட பேசினேன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமோன்னு தோணுது."

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். அதை அவள் எதை வைத்து நம்புவாள்? பஸ் ஸ்டாப் வரைக்கும் நடந்தது ஞாபகமே இல்லை.

ஜூன் 30

அத்தை சொன்னார்கள். ஏஜென்சி இன்னொரு தேதி கொடுத்ததாம். கோவளத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து எழுதினாளாம். பாஸ்.

நவம்பர் 17

முந்தாநாள் கிளம்பிவிட்டாள். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாளாம், அங்கே ஒரே குளிராம். அத்தைதான் இன்றைக்குக் கூப்பிட்டுச் சொன்னார்கள். பிறகு குரலைத் தாழ்த்தி, "அவளோட புது நம்பர் என்கிட்ட கீது மாப்ள. தரட்டுமா?" என்றார்கள்.

பேனா கையில்தான் இருந்தது.

அவளே கொடுத்தால் வாங்கிக்கொள்கிறேன் என்றேன்.